பள்ளி மைதானத்தில் மைக் பிடிப்பவரின் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளுக்கு இடையே நடக்கும் போட்டிகளை நேரலையில் வர்ணிப்பது என் வேலை. கால்பந்து, வாலிபால், கூடைப்பந்து, கபடி, தடகளம் என்று எது நடந்தாலும் போவேன். உள்ளூர் வானொலியில் தொடங்கினேன். இப்போது பெரும்பாலும் இணைய நேரலைதான். இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள், பள்ளியில் புதிதாக நேரலை ஆரம்பிக்கிற ஆசிரியர்கள், சில சமயம் பெற்றோர் என்று பலர் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மைதானத்துக்கு வந்தவர்கள் நேரிலேயே பார்த்துவிடுகிறார்கள். பிறகு யாருக்காக இந்த வர்ணனை?

வர முடியாதவர்களுக்காக. வேலை நேரத்தில் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டிருக்கும் அப்பா, தொலைவில் இருக்கும் பாட்டி, காலில் கட்டுப் போட்டு வீட்டில் கிடக்கும் அணித்தோழன், போன வருடம் படிப்பை முடித்துப் போன பழைய கேப்டன். பெரிய போட்டிகளை லட்சக்கணக்கானோர் கேட்பார்கள். எங்கள் நேரலையில் சில நாள் நாற்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நாற்பது பேரில் அநேகமாக எல்லோருக்கும் களத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தொழில்முறை ஆட்டத்துக்கு இருபது கேமரா இருக்கும், நாளைக்குப் பத்திரிகையில் செய்தி வரும். பள்ளி ஆட்டத்துக்கு எதுவும் கிடையாது. அந்தப் பெண் நாற்பது அடி தூரத்திலிருந்து அடித்த கோல் எப்படி விழுந்தது என்பதற்கு நான் பேசியதுதான் ஒரே பதிவாக நிற்கும். இதை நினைத்துக்கொண்டால் தயாரிப்பில் சோம்பல் வராது.

ஒரு போட்டி நாள் எப்படிப் போகும்?

மாலை 4 மணிக்கு ஆட்டம் என்றால் 2 மணிக்கெல்லாம் மைதானத்தில் இருப்பேன். முதலில் உட்காரும் இடம் பார்க்க வேண்டும். இரண்டு பக்கக் கோல் கம்பங்களும் ஸ்கோர் பலகையும் கண்ணில் பட வேண்டும். சாய்கிற வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது, அடித்தால் ஜெர்சி எண் தெரியாது. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே இடம் கொடுத்தால் பணிவாக மறுத்துவிடுவேன். அங்கே உட்கார்ந்தால் என் குரல் எனக்கே கேட்காது. பிறகு மின் இணைப்பைத் தேடுவது, கேபிள்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுவது. ஓடிவரும் பிள்ளை தடுக்கி விழக் கூடாது என்பதால் இதை நானே முட்டிபோட்டு உட்கார்ந்து செய்வேன்.

3 மணிக்கு அணிகள் வரும். ஆடுவோர் பட்டியலை வாங்கிக்கொண்டு நடுவரிடம் போய் அன்றைய விதியைக் கேட்பேன். ஒரு பாதி எத்தனை நிமிடம், சமநிலையில் முடிந்தால் கூடுதல் நேரமா, நேராகப் பெனால்டியா, எத்தனை மாற்று ஆட்டக்காரர்கள். பள்ளிப் போட்டிகளில் வயதுப் பிரிவுக்குப் பிரிவு இது மாறும். போன வாரம் 35 நிமிடம் என்றால் இந்த வாரம் 25. தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்து நாமாகச் சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வோம்.

அப்புறம் பிள்ளைகள் உடம்பைச் சூடாக்க ஓடுவதைப் பார்ப்பேன். யார் இடது காலால் அடிக்கிறார், யாருடைய ஷூ பச்சை, யார் தோளைச் சாய்த்து ஓடுகிறார் என்று குறித்துக்கொள்வேன். ஆட்டம் நடக்கும்போது பாதி நேரம் முதுகு எண் நம் பக்கம் திரும்பியே இருக்காது. அப்போது இந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும்.

ஆட்டம் முடிந்து, பேட்டி எடுத்து, கேபிளைச் சுற்றி, பதிவை ஏற்றிவிட்டு வீடு சேர இரவு 9 ஆகிவிடும். கேட்பவர்களுக்கு அது ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி.

பட்டியலில் இருக்கும் பெயரைப் படித்தால் போதாதா? பெயருக்கு ஏன் இவ்வளவு பாடு?

போதாது. இந்த வேலையில் நான் கண்டிப்பாக இருக்கிற ஒரே இடம் இதுதான்.

பட்டியல் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தட்டச்சாகி வரும். அதில் ல, ள, ழ எது என்று தெரியாது. குறிலா நெடிலா என்று தெரியாது. தரன், தாரன், தரண் மூன்றும் ஒரே எழுத்துகளில் வந்து நிற்கும். ஆகவே பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போவேன். "உன் பேரை நீயே ஒரு தடவை சொல்லும்மா" என்பேன். கேட்டபடியே தமிழில் எழுதுவேன். வேறு மொழிக்காரப் பிள்ளையாக இருந்தால் இரண்டு முறை சொல்லச் சொல்லி, நான் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்பேன். ஒரு பையன் சொன்னான்: "பரவால்லண்ணா, எல்லாரும் தப்பாத்தான் சொல்வாங்க." அந்தப் 'பரவால்ல'யை மட்டும் நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. அன்று அவன் பெயரைச் சரியாகச் சொல்ல வரும்வரை அவனை விடவில்லை. மூன்றாவது தடவையில் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு ஓடினான்.

பெயர்களை ஓர் அட்டையில் ஆடும் இடத்தின்படி ஒட்டிக்கொள்வேன். கோல் காப்பாளர் கீழே, தடுப்பு வரிசை அதற்கு மேல், முன்வரிசை உச்சியில். ஓர் அணி நீல மை, மற்றொன்று சிவப்பு. மாற்று ஆட்டக்காரர்கள் ஓரத்தில். அவர்களையும் விடாமல் எழுதுவேன், ஏனென்றால் கடைசி நான்கு நிமிடத்துக்கு இறங்குகிற பிள்ளையின் வீட்டில் முழு ஆட்டத்தையும் அந்த நான்கு நிமிடத்துக்காகவே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை 14ஆம் எண் ஜெர்சி கிழிந்துபோய், அந்தப் பையன் தோழனின் 19ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு இரண்டாம் பாதியில் இறங்கினான். நான் கவனிக்கவில்லை. அவன் அடித்த கோலை, பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோழனின் பெயரில் உற்சாகமாக வர்ணித்துவிட்டேன். உடற்கல்வி ஆசிரியர் ஓடிவந்து சொன்னதும் உடனே திருத்தினேன், ஆட்ட முடிவிலும் ஒரு தடவை சொன்னேன். ஆனாலும் கோல் விழுந்த அந்த நொடியின் பதிவில் அவன் பெயர் இல்லை. மறுநாள் அவன் அப்பா பேசினார், கோபமே இல்லை. "அந்த இடத்தை மட்டும் மறுபடி பேசித் தர முடியுமா தம்பி?" என்றுதான் கேட்டார். பேசிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இரண்டாம் பாதி தொடங்கும் முன் இரு அணிகளின் எண்களையும் விரலால் தொட்டு ஒருமுறை சரிபார்க்கிறேன்.

வானொலி வர்ணனையும் காட்சியோடு வரும் நேரலையும் ஒன்றுதானே?

வேலை வேறு. வானொலியில் கேட்பவருக்குக் கண் நாம்தான். எந்த அணி இடமிருந்து வலமாக ஆடுகிறது, பந்து யாரிடம், கோலுக்கு எவ்வளவு தூரம், எதிரே யார் என்ற வரிசையில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். காட்சி இருந்தால் பந்து போகிற வழியை விவரிக்கத் தேவையில்லை. ஓடுகிறவர் யார், ஏன் அந்தப் பக்கம் ஓடினார் என்பதைச் சொன்னால் போதும்.

விளையாட்டு வர்ணனையின் தொடக்க காலத்திலேயே இந்தச் சிக்கலைக் கண்டிருக்கிறார்கள். 1921 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கே.டி.கே.ஏ. வானொலிக்காக ஹெரால்ட் ஆர்லின் ஒரு பேஸ்பால் ஆட்டத்தை வர்ணித்தார். பேஸ்பால் வானொலிக்கு வந்தது அப்போதுதான். 1927 ஜனவரியில் பி.பி.சி.யின் முதல் ரக்பி வர்ணனையை டெடி வேக்லம் செய்தபோது, பார்வையற்ற ஒருவரை அவருக்கு முன்னால் உட்கார வைத்து, இவருக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேசச் சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் அர்சனல், ஷெஃபீல்டு யுனைடெட் கால்பந்து ஆட்டத்துக்கு மைதானப் படத்தை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்து வானொலி இதழில் அச்சிட்டார்கள். வர்ணனைக்கு நடுவே உதவியாளர் கட்ட எண்ணைச் சொல்லச் சொல்ல, வீட்டில் இருப்பவர் படத்தில் விரலை நகர்த்திக்கொள்ளலாம்.

எங்கள் நேரலைக்கு ஒரே கேமரா. அதைப் பிடிப்பவர் பதினொன்றாம் வகுப்பு மாணவர். பந்து சில நேரம் சட்டத்தை விட்டு வெளியே போய்விடும். அந்த நொடியில் நான் வானொலிக்காரனாக மாறிவிடுவேன். அதனால் புதிதாக வருபவர்களை முதலில் காட்சி இல்லாமல் பேசிப் பழகச் சொல்கிறேன்.

ஸ்கோரை எத்தனை முறை சொல்ல வேண்டும்?

உங்களுக்குச் சலித்துப்போகும் அளவுக்கு. ரெட் பார்பர் என்ற புகழ்பெற்ற பேஸ்பால் வர்ணனையாளர் மேசையில் மூன்று நிமிட மணல் கடிகாரம் வைத்திருப்பார். மணல் கீழே இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைப்பார். நான் கால்பந்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சொல்கிறேன். ஸ்கோரோடு நேரத்தையும் எந்தப் பள்ளிகள் ஆடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேருந்தில் ஏறி இப்போதுதான் காதில் மாட்டியவருக்கு ஒன்றும் தெரியாது.

எல்லா விளையாட்டையும் ஒருவரே பேச முடியுமா?

பள்ளி மட்டத்தில் பேசியாக வேண்டும். அதிலும் ஒவ்வொன்றுக்கும் தனி மூச்சு இருக்கிறது.

கபடி எனக்கு மிகவும் பிடித்தது, கடினமானதும் அதுதான். ஒரு ரெய்டுக்கு 30 நொடி. அதற்குள் யார் பாடிப் போகிறார், எதிரே எத்தனை பேர், யார் மூலையில் என்று சொல்லிவிட வேண்டும். எதிரே ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் போனஸ் கோடு செல்லும். மூன்று பேரோ அதற்குக் கீழோ இருக்கும்போது மடக்கிவிட்டால் சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு புள்ளி. ஆகவே களத்தில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை எந்நேரமும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். நான் இடது கை விரல்களில் எண்ணிக்கொண்டே பேசுவேன்; ஒருவர் வெளியேறினால் ஒரு விரல் மடங்கும். பிடி விழுந்ததும் ஏழு பேரும் ஒரு குவியலாகக் கிடப்பார்கள். கை கோட்டைத் தொட்டதா இல்லையா என்று நம் இடத்திலிருந்து தெரியாது. நடுவர் கை தூக்கும்வரை "குவியலுக்குள் கை நீள்கிறது, கோடு அரை அடியில்" என்று பார்த்ததை மட்டும் சொல்லி நிறுத்துவேன். முந்திக்கொண்டு புள்ளி கொடுத்தால், அடுத்த நொடியே அதைத் திரும்ப வாங்க வேண்டிவரும்.

தடகளத்தில் 100 மீட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். எட்டுப் பெயரையும் அதற்குள் திணிக்கப் பார்க்காதீர்கள். ஓட்டம் தொடங்கும் முன்பே பாதை வாரியாக எட்டுப் பேரையும் நிதானமாக அறிமுகப்படுத்திவிட்டு, ஓடும்போது முன்னால் இருக்கும் மூவரை மட்டும் பேசுங்கள். கோட்டைத் தாண்டிய பிறகு மீதிப் பெயர்களுக்கு வாருங்கள். எட்டாவதாக வந்தவரின் பெயரும் வர வேண்டும். 4x100 தொடரோட்டத்தில் அவரவர் பாதையிலேயே ஓடுவதால் தொடக்கப் புள்ளிகள் முன்பின்னாக இருக்கும். முதல் வளைவில் முன்னால் தெரிபவர் உண்மையில் முன்னால் இல்லாமலும் இருக்கலாம். மூன்றாவது கோல்மாற்றம் (பேட்டன் கை மாறுவது) முடியும்வரை "முன்னிலை" என்ற சொல்லை எடுக்கவே மாட்டேன். அந்த 30 மீட்டர் மாற்றுப் பகுதியில் கோல் கை மாறியதா என்பதுதான் அங்கே செய்தி.

வாலிபால் பேசுவதற்கு எளிது, ஒவ்வொரு புள்ளிக்கும் இடைவெளி இருக்கிறது. 25 புள்ளிக்கு ஒரு செட், இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும், கடைசி செட் மட்டும் 15 என்பதை இடையிடையே நினைவூட்டுங்கள். கூடைப்பந்தில் வேகம் அதிகம், அங்கே வாக்கியத்தை முழுசாக முடிக்கப் பார்க்காமல் பெயர், இடம், பெயர் என்று போக வேண்டியதுதான்.

மாணவர்களை 'அவன், அவள்' என்று சொல்வதா, 'அவர்' என்பதா?

தமிழில் பேசும் எல்லோருக்கும் முதல் நாளே இந்தக் கேள்வி வரும். நான் 'அவர்' என்றே சொல்கிறேன். "பந்தை எடுக்கிறார், திரும்புகிறார், அடிக்கிறார்." பன்னிரண்டு வயதுப் பிள்ளையானாலும் அப்படித்தான். வயதில் சிறியவரை ஒருமையில் சொல்வது வீட்டில் பாசமாக இருக்கும். மைக்கில் அது ஒரு பக்கம் செல்லமாகவும் மறுபக்கம் மட்டமாகவும் ஒலித்துவிடும், குறிப்பாகத் தெரிந்த அணியை ஒரு விதமாகவும் தெரியாத அணியை ஒரு விதமாகவும் சொன்னால். பெண்கள் ஆட்டத்தில் 'பொண்ணுங்க' என்று கூட்டாகச் சொல்லாமல் பெயரையும் ஆடும் இடத்தையும் சொல்லுங்கள்.

மற்றபடி எல்லாச் சொல்லையும் தூய தமிழாக்கத்தான் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகள் கார்னர் என்கிறார்கள், சர்வீஸ் என்கிறார்கள், ரெய்டு என்கிறார்கள். பாட்டிக்கும் அது பழகிவிட்டது. ஆனால் பந்தின் அசைவுக்குத் தமிழில் இருக்கும் வினைகளை விட்டுவிடாதீர்கள். உருட்டினார், தட்டினார், தூக்கிவிட்டார், செருகினார், கடத்தினார், வளைத்தார், மடக்கினார், நழுவினார். ஒவ்வொன்றும் வேறு படம். எதற்கெடுத்தாலும் "சூப்பர் ஷாட்" என்றால் கேட்பவர் எதையும் பார்ப்பதில்லை.

ஒரு மாணவர் பெரிய தவறு செய்துவிட்டால் என்ன சொல்வீர்கள்?

என்னிடம் வருகிற கேள்விகளில் மிகவும் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியது இதுதான்.

பதினாறு வயதுப் பையன் கடைசி நிமிடத்தில் பெனால்டியை வெளியே அடிக்கிறான். தொழில்முறை வீரர் என்றால் ஊரே விமர்சிக்கும், அது அவர் தொழிலோடு வருவது. இவன் நாளைக் காலை வகுப்புக்குப் போக வேண்டியவன். நான் சொன்ன வாக்கியம் அவனுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதற்காக நடந்ததை மறைக்க மாட்டேன். கேட்பவர்களுக்கு நான் அந்த உண்மையைக் கடன்பட்டிருக்கிறேன். பந்து என்ன செய்தது என்று சொல்வேன். "வலது கம்பத்துக்கு வெளியே போகிறது பந்து. காப்பாளர் சரியான பக்கம் பாய்ந்திருந்தார். ஸ்கோர் இன்னும் 1-1." அத்தோடு வாயை மூடிக்கொண்டு மைதானத்தின் சத்தத்தைக் கேட்க விடுவேன். 'சொதப்பிட்டார்', 'கோட்டைவிட்டார்', 'இதைக்கூட அடிக்கத் தெரியாதா' போன்றவை என் வாயில் வராது. அணியின் தோல்வியை ஒருவர் தலையில் கட்டவும் மாட்டேன். பயிற்சியாளரின் முடிவைக் கேள்வி கேட்கலாம், அதிலும் அளவோடு. பிள்ளையின் உடல்வாகு, எடை, நிறம், உயரம் பற்றி எதுவும் பேசக் கூடாது. "உயரம் குறைவானாலும்" என்று பாராட்டுவதுபோல் தொடங்குவதும் வேண்டாம்.

நீங்கள் ஒரு பள்ளிக்காகப் பேசும்போது எதிரணியை எப்படி நடத்துவது?

நம் அணியின் கோலுக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தால் தப்பில்லை, கேட்பவர்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் எதிரணியின் பெயர்களையும் அதே அக்கறையோடு கேட்டு எழுதுங்கள். "எதிரணி வீரர்", "அந்த 9ஆம் எண்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த வீட்டிலும் நம் நேரலையைத்தான் போட்டிருப்பார்கள், வேறு கிடையாது. நடுவரைக் குறை சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பள்ளிப் போட்டி நடுவர்களில் பலர் மைக்கில் கேட்டதை வைத்துத்தான் கூட்டம் கத்துகிறது என்பதை அனுபவித்தவர்கள்.

காயம் ஏற்பட்டால்?

ஆட்டம் நின்றிருக்கிறது, முதலுதவிக்காரர் வந்திருக்கிறார், எழுந்து நடக்கிறார் அல்லது நடக்கவில்லை. கண்ணால் கண்ட இந்த மூன்றுக்கு மேல் பேசக் கூடாது. எலும்பு முறிவா, தசைப் பிடிப்பா என்று ஊகிக்கவே கூடாது. தலையில் அடிபட்டால் அறிகுறி சில மணி நேரம் கழித்துத் தெரியவரலாம், "ஒன்றுமில்லை" என்று நாம் சொல்வதும் ஊகம்தான். கேமராவை வேறு பக்கம் திருப்பச் சொல்வேன். அம்மா அங்கே திரையின் முன்னால் இருக்கிறார். முதலில் பள்ளியிலிருந்து அவருக்குத் தகவல் போக வேண்டும், என்னிடமிருந்து அல்ல. அந்த இடைவெளியில் ஸ்கோரையும் இதுவரை நடந்ததையும் தணிந்த குரலில் பேசுவேன்.

பிள்ளைகளின் பெயரையும் முகத்தையும் இணையத்தில் விடலாமா?

பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் விடக் கூடாது. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்கிறது. அதன் 16ஆம் பிரிவு அவர்களுடைய தனிமையைப் பாதுகாக்கச் சொல்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் இதற்கெனத் தனிச் சட்டமும் உண்டு. பருவம் தொடங்கும்போதே பள்ளி மூலம் ஒப்புதல் படிவம் வாங்கிவிடுங்கள். ஒரு குடும்பம் வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. அந்தப் பிள்ளையை எண்ணை வைத்து மட்டும் சொல்லி, நெருக்கமான காட்சியைத் தவிர்த்துவிடுவேன்.

பெயரும் வகுப்பும் ஆட்டமும் போதும். எங்கே குடியிருக்கிறார், எந்தப் பேருந்தில் வருகிறார், பயிற்சி முடிந்து எத்தனை மணிக்குத் தனியாகப் போகிறார் என்பதெல்லாம் 'கடின உழைப்பு' கதையாகத் தோன்றும். சொல்லவே கூடாதவை அவை. நேரலையின் கருத்துப் பகுதியைக் கண்காணிக்க ஆளில்லை என்றால் அதை மூடிவிடுங்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. முதலில் நல்ல ஹெட்செட் மைக். கையில் பிடிக்கும் மைக்கில் கோல் விழும்போது கை தானாகத் தள்ளிப் போய்விடும். ஹெட்செட்டில் வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறாது, குறிப்பெடுக்கக் கையும் காலியாக இருக்கும். காற்றுக்கு நுரை உறை அவசியம். மைக்குகளின் ஒலியைக் கலந்து அளவு வைக்கும் சிறிய மிக்ஸர் ஒன்று, மைதானச் சத்தத்துக்குத் தனியாக இன்னொரு மைக். சாதாரணப் பேச்சு மிக்ஸரின் ஒலி அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். நீங்கள் கத்தினாலும் மைனஸ் 6ஐத் தாண்டாதபடி வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே ஒருமுறை உண்மையாகவே கத்திப் பாருங்கள். மெதுவாக "ஹலோ, ஒன்று இரண்டு மூன்று" சொல்லிச் சரிபார்த்தால் முதல் கோலிலேயே ஒலி கிழியும்.

இணையத்தில் பார்க்க வேண்டியது பதிவேற்ற வேகம். பதிவிறக்க வேகம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. 1080 தரத்தில் அனுப்ப நொடிக்கு 5 மெகாபிட் அளவில் தேவை, கையிருப்பு அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி. கூட்டம் வந்து எல்லோரும் ஃபோனை எடுத்த பிறகு அந்த வேகம் பாதியாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வேகம் போதாவிட்டால் காட்சித் தரத்தைக் குறையுங்கள், ஒலியில் கை வைக்காதீர்கள். இடைவேளையில் மைதானத்தில் திரைப்பாடல் போட்டால் பதிப்புரிமைக்காகத் தளம் தானாகவே ஒலியை அணைத்துவிடும், ஆகவே மைதானச் சத்தத்துக்கான மைக்கின் ஒலியை அப்போது இறக்கிவிடுங்கள்.

நேரலை நடுவில் அறுந்துபோனால்?

போகும், எல்லோருக்கும் போயிருக்கிறது. எனக்கு ஓர் இறுதிப் போட்டியின் பெனால்டி நேரத்தில் மின்சாரம் போனது. மிக்ஸர், ரவுட்டர் இரண்டும் அணைந்தன. ஒலிப்பதிவுக் கருவி மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் பத்து அடிகளையும் பேசி முடித்தேன். இரவில் அந்த ஒலியை ஏற்றியபோது, நேரலைக்கு வந்ததைவிட அதிகம் பேர் கேட்டார்கள். அதனால் பதிவு எப்போதும் தனியாக ஓடட்டும். இணைப்பு திரும்பியதும் மன்னிப்பில் ஒரு நிமிடம் செலவழிக்காமல், விடுபட்டதை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஆட்டத்துக்குள் போய்விடுங்கள்.

குரலை எப்படிக் காப்பாற்றுவது?

தடகள விழாவில் எட்டு மணி நேரம்கூடப் பேசுகிறோம். குடிக்கும் தண்ணீர் குரல் நாணை நேராகத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய் வழியாகப் போகிறது. உடம்பில் ஏறித்தான் நாணை ஈரமாக வைக்கும். ஆகவே ஆட்டத்தின்போது குடிப்பதோடு, காலையிலிருந்தே குடித்துக்கொண்டு வர வேண்டும். செருமிச் செருமித் தொண்டையைச் சரிசெய்வது நாண்களை மோத வைக்கும். ஒரு மிடறு நீர் விழுங்குவது நல்லது. குரல் கட்டிவிட்டால் கிசுகிசுப்பாகப் பேசுவதும் ஓய்வாகாது, மௌனம்தான் ஓய்வு. இரண்டு வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உற்சாகத்தைச் சத்தத்தில் காட்டாமல் வேகத்தில் காட்டப் பழகினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஸ்கோர் 9-0 ஆகிவிட்டது. என்ன பேசுவது?

தோற்கும் அணியைப் பேசுங்கள். அந்தக் காப்பாளர் ஒன்பது விட்டிருக்கலாம், பதினைந்தைத் தடுத்திருப்பார். அதை எண்ணிக்கொண்டு வாருங்கள். முதல் வருடம் ஆடுகிற அணியா, எத்தனை பேர் இப்போதுதான் விளையாட்டைத் தொடங்கியவர்கள் என்று பயிற்சியாளரிடம் முன்பே கேட்டு வைத்தால் இந்த நேரத்தில் உதவும். ஸ்கோரைச் சொல்லும்போது குரலில் கேலி ஏறக் கூடாது.

இதில் பிழைப்பு நடத்த முடியுமா?

இதை மட்டும் வைத்து என்றால் கஷ்டம். பெரும்பாலானோர் ஆசிரியராகவோ, வானொலி அறிவிப்பாளராகவோ, ஒலி அமைப்பாளராகவோ இன்னொரு வேலையும் வைத்திருக்கிறார்கள். போட்டிக்கு இவ்வளவு என்று வாங்கும்போது பயணத்தையும் கருவித் தேய்மானத்தையும் தனியே பேசிக்கொள்ளுங்கள். மழையால் ஆட்டம் ரத்தானால் என்ன என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மாணவர்களே வர்ணனை செய்யலாமா? எப்படித் தொடங்குவது?

தாராளமாக. என் பக்கத்து நாற்காலியில் எப்போதும் ஒரு மாணவரோ மாணவியோ இருப்பார். முதல் மாதம் புள்ளிவிவரம் குறிப்பது, அடுத்து இடைவேளையில் இரண்டு நிமிடம் பேசுவது, பிறகு நிஜ ஆட்டம். இருவர் பேசும்போது ஒருவர் நடப்பதைச் சொல்ல வேண்டும், மற்றவர் பந்து நின்றதும் ஏன் நடந்தது என்று சொல்லிவிட்டு, அடுத்த பந்து எழும் முன் முடித்துவிட வேண்டும். என் கை மேசையில் விழுந்தால் நிறுத்து என்று அர்த்தம்.

வீட்டில் பழக, ஏதாவது ஓர் ஆட்டத்தை ஒலியில்லாமல் ஓடவிட்டுப் பத்து நிமிடம் ஃபோனில் பேசிப் பதியுங்கள். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பந்து எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாத இடங்களைக் குறித்து வையுங்கள். எனக்கு முதல் பதிவில் அப்படி முப்பது இடத்துக்கு மேல் இருந்தன.

ஆட்டம் முடிந்ததும் வேலை முடிந்துவிடுமா?

இல்லை. இரவு உட்கார்ந்து பதிவைக் கேட்டு, பெயர் தவறிய இடங்களை விளக்கக் குறிப்பில் திருத்துவேன். கோல், புள்ளி விழுந்த நேரங்களைக் குறித்து வைப்பேன்; வீட்டில் தேடுகிறவருக்கு முழு ஆட்டத்தையும் தள்ளிப் பார்க்கும் வேலை மிச்சம். தேதி, பள்ளிகள், பிரிவு, முடிவு எழுதி இரண்டு இடத்தில் சேமிப்பேன். வருடங்கள் கழித்தும் கேட்டு வருகிறார்கள். அண்மையில் ஒரு பெண் வந்து, பள்ளியில் தான் ஆடிய ஒரு வாலிபால் ஆட்டம் இருக்கிறதா என்று கேட்டார். தேடி எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது செட்டில் 13-13இல் அவர் சர்வீஸ் போட வரும் இடத்துக்குத் தள்ளி, இடுப்பில் இருந்த மகளின் காதில் ஹெட்செட்டை வைத்தார்.